கேசட்டின் முதுகில் ஒட்டிய செலோடேப்

எனக்கு அவசரப் புத்தி. எதையும் செய்து முடித்துவிட்டுத்தான் யோசிப்பேன். அம்மா அதைக் குறையாகச் சொல்வார், நான் சுறுசுறுப்பு என்று நினைத்துக்கொண்டிருந்தேன். எண்பதுகளின் நடுவில் ஒரு கிறிஸ்துமஸுக்கு முன்னால், அந்தச் சுறுசுறுப்பை வைத்துக்கொண்டு ஓர் அக்காவுக்கு நான் செய்த காரியம் இன்றைக்கும் என்னை விடவில்லை.

எங்கள் ரப்பர்த் தோட்டம் மலேசியாவில், சுங்கைப் பட்டாணி டவுனிலிருந்து பஸ்ஸில் முக்கால் மணி நேரம். வரிசையாகக் கட்டிய லயத்து வீடுகளில் கிறிஸ்தவக் குடும்பங்கள், வேதக்காரர்கள் என்போம், இருபது இருக்கும். எங்களுக்கென்று தகரக் கூரை போட்ட ஒரு சின்னக் கோயில் இருந்தது. சாமியார் மாதத்துக்கு ஒருமுறைதான் பட்டணத்திலிருந்து வருவார். மற்ற ஞாயிறுகளில் உபதேசியார் செபம் நடத்துவார். வார நாட்களில் அவர் தோட்டத்து ஆபீசில் கணக்கெழுதும் கிராணி. மழை வந்தால் பீடத்துக்கு நேர்மேலே ஒழுகும். பூசை நடக்கும்போதே ஒருவர் குடை பிடித்துக்கொண்டு நிற்பதை எங்கள் தோட்டத்தில் மட்டும்தான் பார்க்கலாம்.

கூரையை மாற்ற உபதேசியார் ஒரு வழி சொன்னார். அவரே எழுதி, எங்கள் பாடகர் குழு வருடா வருடம் வீடு வீடாகப் போய்ப் பாடும் எட்டுக் கிறிஸ்துமஸ் பாட்டுகளைக் கேசட்டில் பிடித்து விற்பது. தோட்டத்தை விட்டு டவுனுக்குக் குடிபோனவர்கள் கட்டாயம் வாங்குவார்கள் என்றார். ஐம்பது கேசட் போதும் என்று முடிவானது.

முன்குரல் கொடுக்க அக்காவைக் கேட்டார்கள். அக்கா என்றால் கூடப் பிறந்தவர் இல்லை, எங்கள் லயத்தில் மூன்றாவது வீடு. காலையில் ரப்பர்ப் பால் இறக்கப் பால்மரம் வெட்டுவார். கோயிலில் கடைசி பெஞ்சுக்குப் பின்னால் நின்றுதான் பாடுவார், ஆனால் எல்லோருடைய காதும் பின்னால்தான் இருக்கும். முன்னால் வந்து பாடச் சொன்னால் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு ஓடிவிடுகிறவர், அந்த முறை கேட்டதும் "பாடுறேன்" என்றுவிட்டார். எங்களுக்கே ஆச்சரியம். ஏன் என்று யாரும் கேட்கவில்லை.

ஒரு சனிக்கிழமை மத்தியானம் கோயில் கதவைச் சாத்தி, கோழிகளையெல்லாம் விரட்டிவிட்டு என் ரேடியோவில் பாட்டுகளைப் பிடித்தோம். இரண்டு கேசட் போடுகிற பெரிய ரேடியோ அது. தொழிற்சாலை போனஸில் வாங்கினேன். ஐந்தாவது பாட்டில் ரப்பர்ப் பால் ஏற்றும் லாரியின் ஹாரன் விழுந்துவிட்டது. அந்தப் பாட்டில்தான் அக்கா உருகிப் பாடியிருந்தார், அதனால் ஹாரனோடு விட்டுவிட்டோம். எட்டுப் பாட்டும் சேர்ந்து இருபத்தைந்து நிமிடம் வந்தது.

ஒரு கேசட்டை ஐம்பது ஆக்குவது எப்படி என்பதுதான் அடுத்த கேள்வி. சுங்கைப் பட்டாணியில் இருந்த எலக்ட்ரானிக் தொழிற்சாலை ஒன்றில் நான் சோல்டர் அடித்துக்கொண்டிருந்தேன். அதனால் வயர் உள்ள எதுவும் எனக்குத் தெரியும் என்று தோட்டம் நம்பியது. அந்த நம்பிக்கையைக் கெடுக்க எனக்கும் மனம் வரவில்லை. வேலை முடிந்ததும் கடை கடையாக விசாரித்தேன். பினாங்கில் ஒரே நேரத்தில் பல கேசட்டுகளைப் பிரதி எடுக்கும் மெஷின் வைத்திருந்தார்கள், ஆனால் நூறுக்குக் குறைந்தால் அவர்கள் தொடவே மாட்டார்கள். சுங்கைப் பட்டாணியில் பாட்டுக் கடை வைத்திருந்த சீன முதலாளி, தவுக்கே என்போம், ஒவ்வொன்றாக எடுத்துத் தருவதாகச் சொன்னார். காலி கேசட்டின் விலை, அவர் கூலி இரண்டையும் சேர்த்தால் நாங்கள் விற்க நினைத்த விலையைத் தாண்டிப் போனது. நாமே எடுத்துவிடலாம் என்றால் நல்ல காலி கேசட் விலை அதிகம். மலிவாகக் கிடைத்த ஒரு டஜனில் ஒன்றை வாங்கிப் போட்டுப் பார்த்தேன், அக்காவின் குரல் தண்ணீருக்குள்ளிருந்து வந்தது.

அப்போதுதான் என் மூளை வேலை செய்தது. லயத்தில் எந்த வீட்டில் பார்த்தாலும் ஒரு பிஸ்கட் டின் நிறையப் பழைய சினிமாக் கேசட் கிடக்கும். தேய்ந்து, அலுத்து, யாரும் கேட்காதவை. கிறிஸ்துமஸுக்கும் பொங்கலுக்கும் வீட்டுக்குச் சுண்ணாம்பு அடிக்கும்போது எப்படியும் வெளியே வரும். அவற்றை வாங்கி மேலேயே பதிந்தால் கேசட் செலவே கிடையாது.

உபதேசியார் நெற்றியைச் சொறிந்தார். "பழசுக்கு மேல புதுசு ஏறுமாம்மா?"

"ஏறும்லா ஐயா. பழசு தானா அழிஞ்சிரும். எங்கிட்ட விட்டுருங்க."

எங்கிட்ட விட்டுருங்க என்று எவ்வளவு எளிதாகச் சொல்லியிருக்கிறேன் பாருங்கள்.

அரிசிச் சாக்கை எடுத்துக்கொண்டு லயம் லயமாக இறங்கினேன். வேதக்காரர், இந்து என்ற பேதம் இல்லாமல் எல்லோரும் கொடுத்தார்கள். அறுபதுக்கு மேல் சேர்ந்தது. ஒரு சின்ன இடைஞ்சல் இருந்தது. கடையில் விற்கும் பாட்டுக் கேசட்டின் முதுகில் இரண்டு மூலையிலும் சின்ன ஓட்டை இருக்கும். அங்கே இருக்கவேண்டிய பிளாஸ்டிக் பல்லை உடைத்துவிட்டுத்தான் விற்பார்கள். பல் இல்லாவிட்டால் ரெக்கார்ட் பொத்தான் அமுங்காது, யாரும் தப்பித் தவறி அழித்துவிட முடியாது. அதற்கும் மருந்து உண்டு. ஓட்டையின் மேல் ஒரு துண்டு செலோடேப்பை ஒட்டினால் மெஷின் ஏமாந்துவிடும். வேலை முடிந்து வந்து, காப்பியைக் குடித்துக்கொண்டே, கத்தரிக்கோலும் கையுமாக உட்கார்ந்து ஒட்டுவேன். நான்காம் நாள் பார்க்காமலேயே ஒட்டப் பழகிவிட்டேன்.

அந்த வாரத்தில்தான் அக்கா ஒரு கேசட்டைக் கைக்குட்டையில் சுற்றி எடுத்துக்கொண்டு வந்தார்.

"தங்கச்சி, இதையும் ஒன்னு எடுத்துக் குடேன். இது ஒன்னுதான் இருக்கு. எதுனா ஆயிருச்சுன்னா எங்க போறது?"

அது என்ன என்று எனக்குத் தெரியும். அக்காவின் அம்மா பேசி அனுப்பியது. எழுபதுகளின் தொடக்கத்தில் குடியுரிமை இல்லாமல் சிவப்பு ஐசி என்ற அடையாள அட்டை வைத்திருந்தவர்களுக்கு வேலை பெர்மிட் பிரச்சினை வந்தபோது, அந்த அம்மா கடைசி மகனைக் கூட்டிக்கொண்டு கப்பலேறித் தமிழ்நாட்டில் ஊருக்குப் போய்விட்டார். அக்காவுக்கு அப்போது கல்யாணமாகியிருந்தது, குடியுரிமைக்கான நீல ஐசியும் இருந்தது, அதனால் இங்கேயே தங்கிவிட்டார். அம்மாவுக்கு எழுதத் தெரியாது. ஊருக்குப் போய் வந்த எங்கள் தோட்டத்து ஆள் ஒருவரிடம் அந்தக் கேசட்டைக் கொடுத்தனுப்பியிருந்தார். அக்கா வீட்டில் ரேடியோ கிடையாது. ஏதாவது ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டுக்கு வந்து, தரையில் உட்கார்ந்து, ஸ்பீக்கருக்குப் பக்கத்தில் தலையைச் சாய்த்துக்கொண்டு கேட்பார். நாங்கள் மரியாதைக்கு அடுப்படிக்குப் போய்விடுவோம். கிழவியின் குரல் அங்கே வரைக்கும் கேட்கும், வார்த்தை தெரியாது.

"நாளைக்கே எடுத்துத் தரேன்கா" என்று வாங்கிக்கொண்டேன். கைக்குட்டையை அவரிடமே திருப்பிக் கொடுத்தேன். அதை மட்டும் கொடுக்காமல் இருந்திருந்தால் அந்தக் கேசட் தனியாகத் தெரிந்திருக்கும். லேபிள் இல்லாத வெள்ளைக் கேசட். மறந்துவிடக் கூடாது என்று கண்ணெதிரே, ஒட்டி முடித்த கேசட்டுகளுக்குப் பக்கத்தில் மேசைமேல் வைத்தேன். வைத்த இடம் அது. வேறு யாரும் வைக்கவில்லை.

ஒரு கேசட்டுக்கு இருபத்தைந்து நிமிடம். ஒரு பொத்தானை அமுக்கிவிட்டு முறுக்கு சுடுவேன், ஜன்னலுக்குச் சுண்ணாம்பு அடிப்பேன், வந்து அடுத்ததைப் போடுவேன். அதே எட்டுப் பாட்டைத் திரும்பத் திரும்பக் கேட்டு அம்மா சலித்துக்கொண்டதால் சத்தத்தை முழுக்கக் குறைத்துவிட்டேன். மெஷின் ஊமையாக ஓடியது. கிறிஸ்துமஸுக்கு ஒரு வாரம் முன்பே ஐம்பதும் தயார். உபதேசியார் ஆபீஸ் டைப்ரைட்டரில் அடித்துக் கொடுத்த சீட்டை ஒவ்வொன்றிலும் ஒட்டினேன். பழசெல்லாம் ஒரே முகமாக மாறிவிட்டன.

பூசை முடிந்த வாசலிலேயே எல்லாம் விற்றுப்போனது. டவுன்காரர்கள் வாங்கிக்கொண்டு போனார்கள். புதுவருடத்துக்கு முன்பே கேலியும் வந்தது. எங்கள் பாட்டு முடிந்த பிறகு மிச்சமிருந்த டேப்பில் பழைய சமாச்சாரம் அப்படியே இருந்தது. "மாட்டுக் கொட்டாயில சாமி பொறந்து முடிஞ்ச ஒடனே ஒருத்தி டான்ஸ் ஆட வந்துர்றா லா" என்று ஒரு அண்ணன் சொன்னதற்கு நானும் வயிறு வலிக்கச் சிரித்தேன்.

சிரித்து இரண்டு நாள் கழித்து அக்கா வந்தார். "என் கேசட்டு எடுத்துட்டியா தங்கச்சி?"

மேசையைப் பார்த்தேன். மேசை காலியாக இருந்தது. சாக்கைக் கொட்டினேன், மெத்தையைத் தூக்கினேன், டின்னைக் கவிழ்த்தேன். தேடும்போதே எனக்குத் தெரிந்துவிட்டது. என் கை பார்க்காமல் எடுத்திருக்கிறது, பார்க்காமல் ஒட்டியிருக்கிறது, பார்க்காமல் போட்டிருக்கிறது. அக்கா நிலைக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார். நான் அவரைப் பார்க்காமல் சொன்னேன்.

"அக்கா, மெஷின் டேப்ப தின்னுருச்சுக்கா. உள்ள சிக்கி, துண்டு துண்டா போச்சு."

அந்தக் காலத்தில் எல்லா வீட்டு மெஷினும் டேப்பைத் தின்னும். யாரும் சந்தேகப்பட முடியாத பொய் அது.

அக்கா காலி மேசையைப் பார்த்தார். பிறகு, "அந்தத் துண்டு இருக்கா?" என்று கேட்டார்.

"குப்பையில போட்டுட்டேன்கா."

"சரி விடு. மெஷினு தானே, அதுக்கு என்னா தெரியும். நீ மனசுல வெச்சுக்காத." போய்விட்டு, கால் மணி நேரத்தில் ஒரு தட்டில் அச்சுமுறுக்கு கொண்டுவந்து வைத்தார். என் முகம் வாடிப்போனதைப் பார்த்து எனக்கு ஆறுதல் சொல்ல வந்திருந்தார். நான் அதைத் தின்றேன். தின்னாவிட்டால் சந்தேகம் வரும் என்று தின்றேன். அவ்வளவு கேவலமாக நான் அதற்கு முன்னும் பின்னும் எதையும் தின்றதில்லை.

இரண்டு நாள் தூக்கம் இல்லை. தொழிற்சாலையில் சோல்டர் கம்பியை உருக்கிக்கொண்டிருந்தபோது அந்த அண்ணனின் கேலி ஞாபகத்துக்கு வந்தது. பாட்டு இருபத்தைந்து நிமிடம்தான். கேசட்டின் ஒரு பக்கம் முப்பது நிமிடம். அக்காவின் அம்மா ஒரு பக்கம் மட்டும், டேப் தீரும்வரை பேசியிருந்தார். அப்படியானால் ஐம்பதில் ஏதோ ஒன்றின் கடைசியில் அவர் இன்னும் பேசிக்கொண்டிருக்கிறார்.

"கடைசியில இருக்கிற சினிமாப் பாட்டை அழிச்சுத் தரேன், காசு வேணாம்" என்று சொல்லிக்கொண்டு மறுபடியும் வீடு வீடாக இறங்கினேன். தோட்டத்தில் என்னைப் பொறுப்பான பெண் என்று புகழ்ந்தார்கள். உபதேசியார் செபத்துக்குப் பிறகு எல்லோர் முன்னிலும் பாராட்டினார். நான் தலையைக் குனிந்து நின்றேன், அதை அடக்கம் என்று எடுத்துக்கொண்டார்கள். ஒரு கேசட்டின் முடிவில் யாரோ வீட்டுக் கல்யாண நாதஸ்வரம் வந்தது, இன்னொன்றில் மலாய் நாடகம், இன்னொன்றில் ஒரு குழந்தை அழுதது, அதை ஒரு பெண் அதட்டினாள். என் செலோடேப்புக்குக் கீழே எத்தனை வீட்டுச் சத்தம் போயிருக்கிறது என்று அப்போதுதான் உறைத்தது. சுங்கைப் பட்டாணியின் தாமான் குடியிருப்புகளில் வாங்கியவர்களையும் சைக்கிளில் போய்ப் பார்த்தேன். நாற்பத்தொன்பது கேட்டு முடித்தேன்.

மிச்சம் இருந்தது கோலா கெடாவில். மீன் இறக்கும் இடத்தில் வேலை பார்த்த ஒருவர், தோட்டத்துப் பழைய குடும்பம், கிறிஸ்துமஸுக்கு வந்தபோது வாங்கிப் போயிருந்தார். அலோர் ஸ்டார் போய் பஸ் மாறிப் போனேன். அவர் படகுத்துறையில் இருந்தார், அவருடைய மனைவி மட்டும் வீட்டில் இருந்தார். சினிமாப் பாட்டை அழிக்க வந்தேன் என்று அதே பல்லவியைப் பாடினேன்.

"எங்களதுல சினிமாப் பாட்டு இல்லயே" என்றார் அந்த அம்மா. "ஒரு வயசானவங்க பேசுறாங்க. யாரு யாருக்குப் பேசுனதோ தெரியல. அழிச்சிருவோமான்னு இவரு கேட்டாரு. நாந்தான் வேணாம்னுட்டேன். தேடிக்கிட்டு யாராச்சும் வருவாங்கன்னு வெச்சிருந்தோம்."

தேடிக்கொண்டு வந்தவள் நான்தான் என்பதை மறைத்து, ஒருமுறை போடச் சொன்னேன். அவர் மெஷினில் போட்டுக் காட்டினார். அக்காவின் எட்டாவது பாட்டு முடிந்தது. டக்கென்று ஒரு சத்தம். அதன் பிறகு கிழவி, பாதி வாக்கியத்திலிருந்து தொடங்கினார்.

"...கெணத்துல தண்ணி இருக்கு, அதுக்குக் கொறயில்ல. தம்பி என்னைய நல்லாத்தான் பாத்துக்குறான். நீ கவலப்படாத. ஒன் பாட்டத்தான் கேக்கல. இங்க கோயில்ல பாடுறாங்க, அது ஒன் பாட்டு மாதிரி வரல. இந்த மாதிரி ஒரு பொட்டியில பாடி அனுப்பு தாயி. நான் கண்ண மூடுறதுக்குள்ள ஒருக்கா கேட்டுக்குறேன்..."

இன்னும் ஏதேதோ சொன்னார். ஆடு, ஒரு வழக்கு, பக்கத்து வீட்டுக் கல்யாணம். நாலே கால் நிமிடம் இருக்கும். ஒரு வார்த்தையின் நடுவில் டேப் தீர்ந்தது. அக்கா ஏன் கேட்டதும் பாட ஒப்புக்கொண்டார் என்று அந்த வீட்டு பெஞ்சில் உட்கார்ந்துதான் எனக்குத் தெரிந்தது.

திரும்பும் பஸ்ஸில் இன்னொரு பொய்யைத் தயார் செய்தேன். தவுக்கே கடையில் கொடுத்து, அந்த நாலு நிமிடத்தை மட்டும் ஒரு புதுக் கேசட்டில் எடுத்து, "குப்பையில கெடந்த துண்ட ஒட்டிக் குடுத்தாங்கக்கா" என்று சொல்லிவிடலாம். பாட்டு இருக்காது, செலோடேப் இருக்காது, ஒன்றும் தெரியாது. சுங்கைப் பட்டாணியில் இறங்கி அந்தக் கடை வாசல் வரை போனேன். தவுக்கே கையை நீட்டினார். எனக்குக் கேசட்டைக் கொடுக்கக் கை வரவில்லை. நேர்மையெல்லாம் இல்லை, பயம். இன்னொரு மெஷினுக்குள் இதைத் தள்ளி, ஏதாவது ஆகிவிட்டால் என்ன செய்வது? அக்கா கைக்குட்டையில் சுற்றிக்கொண்டு வந்தபோது சொன்ன அதே வார்த்தைதான் எனக்கும் வந்தது. கேசட்டை அப்படியே எடுத்துக்கொண்டு அடுத்த பஸ்ஸைப் பிடித்தேன்.

ரேடியோவைத் தூக்கிக்கொண்டு அக்கா வீட்டுக்குப் போனேன். அக்கா பால் வாளியைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு வந்து தரையில் உட்கார்ந்தார். "மெஷின் திங்கலக்கா" என்று மட்டும் சொன்னேன். எட்டாவது பாட்டின் கடைசி வரியிலிருந்து ஓடவிட்டேன்.

அவருடைய குரல் வந்தது. டக்கென்ற சத்தம். அவருடைய அம்மா வந்தார். அக்கா வழக்கம்போல ஸ்பீக்கர் பக்கம் தலையைச் சாய்த்தார். பெட்டியில் பாடி அனுப்பு என்ற இடத்தில் அவருடைய உதடு அசைந்தது. எல்லாம் மனப்பாடம். டேப் தீர்ந்து பொத்தான் தானாக எழும்பியதும், "முன்னால உள்ளது?" என்று கேட்டார்.

"இல்லக்கா. அதுக்கு மேலதான் ஒங்க பாட்டு ஏறிருக்கு. நான்தான் பதிஞ்சேன். பாக்காம பதிஞ்சிட்டேன். அப்பறம் பொய் சொன்னேன்."

அழுதுகொண்டேதான் சொன்னேன். அழுதால் திட்டு குறையும் என்ற கணக்கும் அந்த அழுகையில் இருந்திருக்கும், எனக்கு என்னைத் தெரியும். அக்கா திட்டவில்லை. அச்சுமுறுக்கைப் பற்றிக்கூடச் சொல்லவில்லை. கேசட்டை வெளியே எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். உபதேசியாரின் சீட்டைத் தடவினார். முதுகுப் பக்கம் வந்ததும் விரல் நின்றது.

"இத யாரு ஒட்டுனது?"

"நாந்தாங்கா."

நகத்தால் செலோடேப்பின் ஓரத்தைக் கிளப்பி மெதுவாக உரித்தார். கீழே ஓட்டை தெரிந்தது. கடைக் கேசட்டில் இருப்பதுபோல வழவழப்பான ஓட்டை இல்லை. கத்தியாலோ ஆணியாலோ யாரோ கையால் குத்தி உடைத்தது, ஓரமெல்லாம் பிசிறாக இருந்தது. நான் பார்த்து ஒட்டியிருந்தால் தெரிந்திருக்கும்.

"இது தம்பி ஒடச்சது" என்றார் அக்கா. "மொத மொதல்ல அம்மா அதத்தான் சொல்லுவாங்க. பேரக் கூடக் கூப்புட மாட்டாங்க. 'தம்பி பின்னால இருந்த பல்ல ஒடச்சிட்டான் தாயி, இனிமே யாராலயும் இத அழிக்க முடியாதாம், நீ பயப்படாம வெச்சுக்க'ன்னு சொல்லிட்டுத்தான் மத்தது பேசுவாங்க."

உரித்த செலோடேப் அவர் விரலில் ஒட்டிக்கொண்டிருந்தது. அதை என்னிடம் நீட்டினார், நான் வாங்கிக்கொண்டேன்.